கோயில் கண்காட்சிப் பொருள் இல்லையாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. ஜூரோங் ஈஸ்ட்ல எம்ஆர்டி ஏறினா தேக்கா வந்து சேர்றதுக்குள்ள படிச்சு முடிச்சிடலாம். படிச்சிட்டுத் திட்டுறவங்க திட்டுங்க, பாதியில விட்டுட்டுத் திட்டாதீங்க.

நம்ம ஊர்ல ஆர்க்கிஃபெஸ்ட்னு ஒரு திருவிழா இருக்கு. 2007-லிருந்து சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர்கள் கழகம் நடத்திக்கிட்டு வர்றது. கட்டடம், தெரு, பூங்கா, நாலு பேர் கூடுற பொது இடம், இதையெல்லாம் கொண்டாடுறதுக்குன்னே ஒரு விழா. ஒரே மண்டபத்துல நடக்காது, ஊர் முழுக்க நடக்கும். கண்காட்சி இருக்கும், பேச்சு இருக்கும், கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுற நடைப்பயணம் இருக்கும். நம்ம ஆளுங்கள்ல பத்துல ஒருத்தருக்காவது இது தெரியுமான்னு சந்தேகம்தான்.

எங்களோட சேர்ந்து சனிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் வெட்டுற ஒரு பொண்ணு பாலிடெக்னிக்ல கட்டடக்கலை படிக்குது. கோயில் பேரும் வேணாம், புள்ள பேரும் வேணாம். அந்த விழா சமயத்துல கோயிலைச் சுத்திக் காட்ட அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுச்சு. சனிக்கிழமை மதியம், நடை சாத்தியிருக்கிற நேரம். 20 பேர். ஒரு மணி நேரம். வெளிப் பிரகாரம் மட்டும். கருவறைப் பக்கம் படம் எடுக்க மாட்டோம், காலணி வெளியில, உடை விதி முன்கூட்டியே சொல்லிடுவோம், எல்லாம் எழுதியிருந்துச்சு. கோயில் அமைப்பை அதுவே அளந்து ஒரு வரைபடமும் போட்டுக் கூட வச்சிருந்துச்சு. ராத்திரி உட்கார்ந்து வரைஞ்சது அங்கிள்னு எங்ககிட்ட காட்டுச்சு. நாங்க பேக்டரியில முப்பது வருஷமா டிராயிங் பார்த்து வேலை செய்யிறவங்க, எது நல்ல டிராயிங், எது ஒப்புக்குப் போட்டதுன்னு எங்களுக்குத் தெரியும். அது நல்ல டிராயிங்.

பதில் ஒரே வரி. 'ஆலயம் வழிபாட்டுத் தலம், கண்காட்சிப் பொருள் அல்ல.'

அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லல. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல வந்து கத்தரிக்காய் வெட்டுச்சு. நாங்கதான் சும்மா இருக்க முடியாம இதை எழுதுறோம்.

கண்காட்சிப் பொருள் இல்லன்னா, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்ல தினமும் என்ன நடக்குது? சுற்றுப்பயணிங்க வர்றாங்க. வாசல்ல செருப்பைக் கழட்டுறாங்க. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறாங்க. மதில் மேல படுத்திருக்கிற மாட்டுச் சிலைக்குப் பக்கத்துல செல்ஃபி எடுக்கிறாங்க. 'ரொம்பக் கலர்ஃபுல்' அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அஞ்சு நிமிஷத்துல எதிர்ப்பக்கம் கோப்பி குடிக்கப் போயிடுறாங்க. கண்காட்சி ஏற்கனவே நடக்குதய்யா. விளக்கம் சொல்ல ஆள்தான் இல்ல. விளக்கம் சொல்ல ஒரு புள்ள தானா முன்வந்தா, அதுக்குத்தான் கதவைச் சாத்துறோம்.

'கட்டடக்கலை விழாவுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம், அது வெள்ளைக்காரன் பாணியில படிச்சவங்க சமாசாரம்'னு ஒரு பெரியவர் சொன்னாராம். ஐயா, கோபிக்காதீங்க. இந்த ஊர்ல கட்டடம்னா முதல் சம்பந்தமே நமக்குத்தான்.

1819 மே மாசம் ராஃபிள்ஸ் ரெண்டாவது தடவை சிங்கப்பூர் வந்தப்போ பினாங்கிலிருந்து கூட வந்தவர் நாராயண பிள்ளை. வந்தவர் என்ன செஞ்சார்? தஞ்சோங் பகார் பக்கம் செங்கல் சூளை போட்டார். இந்த ஊரோட முதல் செங்கல் சூளை. அப்ப வீடெல்லாம் அத்தாப்புக் கூரை, பலகைச் சுவர். நிலைச்சு நிக்கிற வீடு கட்டணும்னா செங்கல் வேணும். அந்தச் செங்கல்லைச் சுட்டவர் தமிழர். அவரே முன்ன நின்னு 1827-இல் மாரியம்மனுக்கு எழுப்பினது ஒரு அத்தாப்புக் குடிசைதான். ஊருக்கெல்லாம் செங்கல் கொடுத்தவர் அம்மனுக்குக் குடிசை போட்டாரேன்னு நாங்க சிரிச்சுக்குவோம். ஆனா அந்தக் குடிசை இருந்த இடத்துல இன்னிக்கு நிக்கிறது தேசிய நினைவுச்சின்னம். 1973 ஜூலை 6, முதல் முதலா அறிவிச்ச 8 சின்னங்கள்ல அதுவும் ஒண்ணு. பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்ட்ரீட்னு பேர் வந்ததே நம்ம கோபுரத்தைப் பார்த்துத்தான். இன்னொரு பக்கம் டெம்பிள் ஸ்ட்ரீட். சைனாடவுன் நடுவுல ரெண்டு தெருவுக்கு நம்ம கோயில் பேர் கொடுத்திருக்கு, நமக்கு என்ன சம்பந்தம்னு கேக்குறோம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் தெரியும்ல, சிட்டி ஹால் ஸ்டேஷன் மேல வெள்ளையா நிக்குமே, அது. 1850-களின் கடைசியில அதைக் கட்டினது இந்தியாவிலிருந்து கப்பல்ல கொண்டுவந்த கைதிங்க. எல்லாரும் தமிழர் இல்ல, வங்காளத்துக்காரரும் பம்பாய்க்காரரும் இருந்தாங்க. ஆனா உள்சுவர்ல பூசின பூச்சுக்குப் பேரு மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறின தண்ணி, இதையெல்லாம் குழைச்சுப் பூசி, காஞ்ச பிறகு கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்தினது. நம்ம பாட்டன் வீட்டுத் திண்ணையில பூசின அதே வித்தை. 1867-லிருந்து 1869 வரைக்கும் எழும்பின இஸ்தானாவுலயும் அந்தக் கைதிங்க கைதான். இந்த ஊர்ல கட்டடத்துக்கு விழா எடுக்கிறாங்கன்னா நாம வேடிக்கை பார்க்க வந்த விருந்தாளி இல்ல. பந்தியில முன்வரிசையில உட்கார வேண்டிய ஆளுங்க.

சரி, பழங்கதை போதும். இன்னிக்கு நிலைமைக்கு வருவோம்.

அந்த விழாவுல 'பொது இடம்'னு நிறையப் பேசுறாங்க. நல்ல விஷயம், பேசட்டும். ஆனா எங்களுக்கு ஒரு கேள்வி. இந்த ஊர்ல காசு கொடுக்காம, எதையும் வாங்காம, ஒருத்தன் ஒரு மணி நேரம் உட்கார எத்தனை இடம் இருக்கு? மால்ல உட்காரணும்னா ஒரு பானமாவது வாங்கணும். நூலகத்துல சத்தம் போட்டுப் பேசக் கூடாது. வீவக புளோக் கீழ இருக்கிற வாய்ட் டெக் இருக்கு, அங்கதான் நம்ம கல்யாணமும் நடக்குது, சாவு வீடும் நடக்குது. அதுக்கு அடுத்தபடியா? கோயில் பிரகாரம். ஞாயித்துக்கிழமை பாருங்க. துவாஸ்லயும் காக்கி புக்கிட்லயும் தங்கியிருக்கிற தம்பிங்க காலையில வந்து சாமி கும்பிட்டுட்டு, தூண்ல சாஞ்சு உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் பேசுவாங்க. யாரும் 'என்ன வேணும்'னு கேட்க மாட்டாங்க. மத்தியானம் ஒரு தட்டு சோறு. கொஞ்ச நேரம் மின்விசிறி கீழ கண்ணை மூடிக்குவாங்க.

அந்தத் தம்பிங்க யார்? எந்தக் கட்டடத்தை விழா எடுத்துக் கொண்டாடுறாங்களோ அதுக்குக் கம்பி கட்டி, கான்கிரீட் ஊத்தினவங்க. கண்காட்சிப் பலகையில வரைஞ்சவர் பேர் இருக்கும், கட்டின கம்பெனி பேர் இருக்கும். நம்ம தம்பிங்க பேர் இருக்காது. அவங்க பேரைப் போட முடியலன்னாலும், அவங்க உட்கார்ந்து இளைப்பாறுற இடத்தையாவது 'இதுவும் இந்த நகரத்தோட பொது இடம்'னு ஊருக்குக் காட்ட வேணாமா? அதைத்தான் அந்தப் பொண்ணு செய்ய நினைச்சுச்சு.

தெருவுக்கு வருவோம். தீமிதி அன்னிக்கு ராத்திரி சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல புறப்பட்டு சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வரைக்கும் சுமார் 4 கிலோமீட்டர். நாங்க அந்தப் பாதையில தண்ணி கொடுத்திருக்கோம், கயிறு பிடிச்சிருக்கோம். மத்த நாள்ல அது பஸ்ஸும் லாரியும் போற ரோடு. அன்னிக்கு ராத்திரி மட்டும் ரெண்டு கோயிலுக்கும் நடுவுல இருக்கிற அவ்வளவு ரோடும் பிரகாரம் மாதிரி ஆயிடும். தைப்பூசத்துக்கும் அதேதான், பெருமாள் கோயில்ல ஆரம்பிச்சு டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும். முந்தின நாள் வெள்ளி ரதம் கியோங் சைக் ரோடு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய் வரும். ரோட்டை மறிச்சு நாற்காலி போட்டு, செடித்தொட்டி வச்சு, 'தெரு மக்களுக்கே'ன்னு வாரக்கடைசியில ஒரு நிகழ்ச்சி நடத்துறாங்களே, அதை நாங்க குறை சொல்லல. பிள்ளைங்க ஓடி விளையாடுறாங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைப் புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசும்போதுதான் சிரிப்பு வருது. ஊர்வலத்துல இசைக்கருவி வாசிக்கக் கூடாதுன்னு 1973-லிருந்து தடை இருந்துச்சு, 2016-இல்தான் பாதையில சில இடத்துல நேரடி இசைக்கு அனுமதி கிடைச்சுச்சு. அத்தனை வருஷமும் மத்தளம் இல்லாமலே வாயால பாடிக்கிட்டே அந்த ரோட்டுல நடந்தவங்க நம்ம ஆளுங்க. தெருவைப் பொது இடமா வச்சிருக்கிறதுன்னா என்னன்னு எங்ககிட்ட கேளுங்க, சொல்றோம்.

கேட்கணும்னா உள்ள விடணும். உள்ள விட்டாத்தானே கேட்பான்?

விழா நடத்துறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. உங்க பேச்செல்லாம் இங்கிலீஷ்ல. உங்க இங்கிலீஷ் சாதாரண இங்கிலீஷ்கூட இல்ல, கட்டடக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிற இங்கிலீஷ். ஓ லெவல் முடிச்ச எங்களுக்கே மூணு தடவை படிச்சாத்தான் புரியுது, எங்க அம்மா வயசுல இருக்கிறவங்களுக்கு என்ன புரியும்? மாநாட்டுக்கு டிக்கெட் வேற. நாலு மொழி இருக்கிற ஊர்ல ஊருக்கே விழான்னு சொன்னா, நடைப்பயணத்துக்காவது நாலு மொழியிலயும் ஒரு பக்கத் தாள் அடிச்சுக் கொடுங்க. தமிழ்ல எழுத ஆள் இல்லன்னா எங்களைக் கூப்பிடுங்க, எழுதித் தர்றோம், காசு வேணாம். 2019-இல் உங்க விழாவுக்குக் 'கிராஃப்ட்'னு தலைப்பு வச்சீங்க. கைவேலை. அதைக் கேட்டப்பவே எங்களுக்கு நினைப்பு போனது நம்ம ஸ்தபதிங்க மேலதான். சாரத்துல உட்கார்ந்து, கரண்டியும் கையுமா, ஒரு துவாரபாலகர் முகத்துல புருவம் வளைக்கிற ஆள் இருக்காரே, அதைவிடக் கைவேலை எது?

அவரைப் பத்தி நமக்கே என்ன தெரியும்? இங்கதான் எங்க கோபம் திரும்ப நம்ம நிர்வாகத்து மேல வருது.

பேக்டரியில ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு புத்தகம் இருக்கும். எந்தத் தேதியில எந்த பேரிங் மாத்தினது, யார் மாத்தினது, என்ன எண்ணெய் ஊத்தினது, கையெழுத்தோட இருக்கும். 20 வருஷ மெஷினா இருந்தாலும் முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம். ஆடிட்டர் வந்தா முதல்ல அதைத்தான் கேட்பான். நம்ம கோயில்ல 12 வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம். சாரம் கட்டி, பழைய பூச்சைச் சுரண்டி, உடைஞ்ச சுதையைத் திருத்தி, புதுசா வண்ணம் அடிச்சு, லட்சக்கணக்கான வெள்ளி செலவு. அந்தப் புத்தகம் எங்க? போன தடவை எந்த ஊர் ஸ்தபதி வந்தார்? சுரண்டினப்போ அடியில என்ன நிறம் இருந்துச்சு? எடுத்துப் போட்ட பழைய கல் எங்க போச்சு? மலர்ல தலைவர் வாழ்த்துரை இருக்கு, அமைச்சர் படம் இருக்கு, நன்கொடையாளர் பட்டியல் 30 பக்கம் இருக்கு. சிலை செஞ்சவர் பேர் ஒரு மூலையில கூட இல்ல. கருங்கல் தரைக்கு மேல வழுக்குற டைல்ஸ் ஒட்டின கோயிலும் நம்ம கண் முன்னால இருக்கு. மழை நாள்ல வயசானவங்க அதுல கால் வைக்கவே பயப்படுறாங்க. ஏன் ஒட்டினீங்கன்னா 'கழுவ லேசு'ங்கிறாங்க.

கோயிலை வெளியாளுக்கு விளக்கிச் சொல்லணும்னு ஒரு கட்டாயம் வந்தா என்ன ஆகும் தெரியுமா? முதல்ல நாம தெரிஞ்சுக்கணும். இருபது பேர் முன்னால நின்னு 'இது எப்ப கட்டினது'ன்னு கேட்டா 'ரொம்பப் பழசு'ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. பதிவேட்டைத் தேடணும், பெரியவங்ககிட்ட கேட்டு எழுதணும், பழைய படத்தை ஸ்கேன் பண்ணணும். எங்க கணக்குல அந்த 20 பேருக்குக் கிடைக்கிற லாபத்தைவிட கோயிலுக்குக் கிடைக்கிற லாபம் பெருசு. அடுத்த கும்பாபிஷேகத்துல ஏதாவது ஒண்ணை இடிக்கலாமா வேணாமான்னு பேச்சு வர்றப்போ, அந்தப் பொண்ணு வரைஞ்ச அளவுப்படம்தான் கையில இருக்கப் போகுது.

அந்தப் புள்ள என்ன விளக்கப் போகுதுன்னு நாங்க கேட்டோம். சொல்லுச்சு. வெளியில வெயில் கண்ணைக் கூசும். கோபுரத்தைத் தாண்டினா நிழல். கொடிமரம் தாண்டி மகா மண்டபத்துக்குள்ள வந்தா வெளிச்சம் இன்னும் குறையும். அர்த்த மண்டபம் இன்னும் குறுகலா இருக்கும். கருவறைக்கு ஜன்னலே கிடையாது, ஒரு விளக்குதான். நடக்க நடக்க இடம் சின்னதாகும், சத்தம் குறையும், கண்ணு ஒரே இடத்துல போய் நிக்கும். 'நம்மளை அறியாமலே நம்மளை அமைதியாக்குற மாதிரி கட்டியிருக்காங்க அங்கிள்'னு சொல்லுச்சு. டேங்க் ரோடு கோயில் கூரையில 48 கண்ணாடிப் பலகை இருக்கே, காலையிலயும் சாயங்காலமும் வெயில் விழுற மாதிரி சாய்ச்சு வச்சது, அதையும் காட்டிச் சொல்லுச்சு. நாங்க இத்தனை வருஷம் அந்த வாசல்ல நின்னு கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு இருந்தவங்க. இனிமே அந்த வாசல்ல நின்னா இது ஞாபகம் வரும். இதைச் சொல்றதாலதான் ஆலயத்தோட புனிதம் கெட்டுப் போகுமா?

'யார் பொறுப்பு, நாளைக்கு ஒருத்தன் உள்ள ஷூ காலோட வந்துட்டா?' அதுவும் கேட்டாங்க. தைப்பூசத்தன்னிக்கு ஆயிரக்கணக்கான பேரைச் சமாளிக்கிறோம். பால்குடம், காவடி, பிள்ளை வண்டி, மயங்கி விழுறவங்க, தொலைஞ்சு போன பிள்ளை, எல்லாத்தையும் பார்த்தவங்க நாங்க. 20 பேர் கால்ல ஷூ இருக்கான்னு பார்க்கத் தெரியாதா? செருப்புக் கவுன்டர் எங்க கையில. பொறுப்பு எங்களுது, எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுக்கிறோம்.

இன்னொண்ணு, இதுதான் எங்களுக்கு ரொம்ப உறுத்துது. நம்ம பிள்ளைங்க கோயிலுக்கு வர்றதில்லன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் புலம்புறாங்க. தேவாரம் வகுப்புக்கு ஆள் இல்ல, தொண்டூழியத்துக்கு ஆள் இல்ல, எல்லாம் போன்ல கிடக்குதுங்கன்னு. ஒரு பிள்ளை வந்துச்சு. தான் படிச்ச படிப்பை எடுத்துக்கிட்டு, இதை வச்சுக் கோயிலுக்கு என்ன செய்யலாம்னு கேட்டு வந்துச்சு. காய் வெட்டுறதுக்கு மட்டும் வா, மூளையை வீட்டுல வச்சிட்டு வான்னா எந்தப் பிள்ளை வரும்? இந்தப் புள்ள இன்னும் வருது, அது அதோட பெருந்தன்மை. அதுக்கு அடுத்தது வராது.

இப்ப என்ன செய்யப் போறோம்னு சொல்றோம். வர்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துல இதை ஒரு தீர்மானமா கொண்டுவரப் போறோம். கேட்கிறது ரெண்டே ரெண்டு. விழாக் காலத்துல ரெண்டு சனிக்கிழமை, நடை சாத்தியிருக்கிற நேரத்துல, ஒரு மணி நேரம் வெளிப் பிரகாரத்தைச் சுத்திக் காட்ட அனுமதி, ஒண்ணு தமிழ்ல, ஒண்ணு இங்கிலீஷ்ல. அப்புறம், அடுத்த திருப்பணி ஆரம்பிக்கிறதுக்கு முன்னால கோயிலை முழுசா அளந்து, படம் எடுத்து, வேலை செய்யிற ஸ்தபதி பேர் உட்பட ஒரு பதிவேட்டுல எழுதி வைக்கணும். அதோட முதல் பக்கத்துல அந்தப் பொண்ணோட வரைபடத்தை ஒட்டணும்னும் கேட்போம், கொடுத்தா சந்தோஷம்.

தீர்மானத்தைக் கூட்டத்துக்கு முன்னாடியே எழுத்துல செயலாளர்கிட்ட கொடுக்கணும், முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர் வேணும். முன்மொழிய ஆள் இருக்கு. வழிமொழியிறவங்க உறுப்பினர் அட்டை காலாவதி ஆகாதவங்களா இருக்கணும், சந்தா பாக்கி இருந்தா முதல்ல கட்டிடுங்க. போன வருஷம் பாதிப் பேரை வாசல்லயே திருப்பி அனுப்பினாங்க, ஞாபகம் இருக்குல்ல? விருப்பம் இருக்கிறவங்க சனிக்கிழமை காலையில அன்னதானக் கூடத்துக்கு வாங்க, நாங்க ஏழு மணியிலிருந்து அங்கதான் இருப்போம். வரும்போது சொந்தமா ஒரு கத்தி எடுத்துட்டு வாங்க, காய் நிறைய இருக்கு.